முழு ஒத்துழைப்பு

"டாக்டரம்மா, எனக்கு ஐபிஎஸ்ஸுன்னு பெரியாஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுல காட்டுனேன். என் வீட்டுக்காரி சொல்லுதா, 'பிள்ளைய ஐபிஎஸ் ஆக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தீய, கடைசியில நீங்களே வாங்கிட்டு வந்துட்டியளே'ன்னு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து, "ஒரு நிமிஷம்" என்று கழிவறைப் பக்கம் நடந்தார். அன்று காலையில் அது நான்காவது தடவை.

ஆங்கிலத்தில் IPS, IBS என்று நடு எழுத்து மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஒன்று தோளில் நட்சத்திரத்தோடு ஜீப்பில் வரும். இன்னொன்று யாரிடமும் சொல்ல முடியாமல் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ஸ்கோப் போட்டுப் பார்த்தால் குடல் பளிச்சென்று இருக்கும், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனால் வயிறு வலிக்கும், உப்பும், கலக்கும், சிலருக்கு நாள்கணக்கில் இறுகிப்போகும். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நான்தான் நார்மல் இல்ல" என்று பின்னாளில் ஒரு நோயாளி சொன்னார். பாடநூலில் இருக்கும் விளக்கத்தைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது நான் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நாலரை ஆண்டு வகுப்பு, கடைசி ஓராண்டு வார்டு. நான் வார்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைக் கோட்டின் கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகாத காலம்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. தென்காசி - மதுரை பேருந்தில் நடத்துநர். நான் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன், அவர் 'டாக்டரம்மா' என்றார். தென்காசியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் என்று அந்தச் சாலையில் கழிவறை எங்கெங்கே இருக்கிறது, எது எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த ஓட்டல்காரர் முகம் சுளிக்காமல் பின்கட்டுக்கு விடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேருந்து நிறைந்து நிற்கும்போது வயிறு கலக்கினால் அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம். "பின்னாடி இருக்கவன், கண்டக்டர் சாமி கும்பிடுதாருன்னு நெனச்சுக்கிடுவான்" என்றார்.

அவருக்கு இருபத்தொரு நாள் சிகிச்சை. காலை ஐந்தரைக்கு யோகா. பிறகு வயிற்றில் மண்பட்டி. மூன்று நான்கடி ஆழத்தில் எடுத்து, வெயிலில் காயவைத்து, சலித்து, முந்தைய இரவே ஊறவைத்த மண்ணை, மெல்லிய துணியில் தட்டைச் செங்கல்போலப் பரப்பி, வெறும் வயிற்றில் அரைமணி நேரம் வைப்போம். பின் இடுப்புக் குளியல். வாரத்தில் சில நாள் எனிமா. உணவு முழுக்கச் சமைக்காதது: காலையில் தேன் கலந்த எலுமிச்சை நீர், பதினோரு மணிக்கு ஆப்பிள், மதியம் முளைகட்டிய கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும், துருவிய முட்டைக்கோஸ், கோதுமைத் தவிடு ஒரு கரண்டி. இரவுக்கு மட்டும் ஒரு சலுகை, கோதுமை ரவைக் கஞ்சி.

மண்பட்டி வைத்தால் நேரம் பார்க்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு அதைத் தவிர வேறு என்ன வேலை? ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் சும்மா இருக்க முடியாமல் பேசினேன். மூன்றாம் நாள் அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்: "எங்கப்பா வயித்துல புத்துநோய் வந்துதான் செத்தாரு. அவருக்கும் மொதல்ல எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க."

அவருடைய கொலனோஸ்கோப்பி அறிக்கையை எடுத்துவந்து, மண்ணோடு படுத்திருந்தவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எதுவரைக்கும் குழாய் போயிருக்கிறது, எங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள், அதில் என்ன இல்லை. எட்டு மாதமாகப் பையில் வைத்திருந்த அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. நேரம் முடிந்து நான் பட்டியை எடுத்த பிறகும் எழுந்திருக்காமல் படுத்தே இருந்தார்.

இருபத்தொரு நாளில் நாலைந்து தடவை என்றிருந்தது ஒன்றிரண்டாகக் குறைந்தது. வலி அநேகமாக இல்லை. டிஸ்சார்ஜ் அன்று மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவந்து வாழைத்தார் ஒன்று கொடுத்தார். மாதாந்தரக் கூட்டத்தில் அவருடைய கேஸை நான்தான் எடுத்துப் பேசினேன். கைதட்டினார்கள். கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில், 'சிகிச்சைக்கு நோயாளியின் ஒத்துழைப்பு' என்ற கட்டத்தில், 'முழு ஒத்துழைப்பு' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

என் கெட்ட காலம் அந்தக் கைதட்டலில்தான் தொடங்கியது.

*

எங்கள் மருத்துவத்தின் மூதாதையர்கள் பலர் ஜெர்மானியர்கள். லைப்சிக் நகரத்து லூயி கூனே, நோய்கள் பலவாகத் தெரிந்தாலும் உடம்பில் தேங்கிய கழிவு என்ற ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம், ஆகவே மருந்தும் ஒன்றுதான் என்றார். இடுப்புக் குளியல் அவர் வழி வந்தது. இன்னொருவர் அடால்ஃப் யூஸ்ட். இயற்கைக்குத் திரும்பச் சொன்ன அவருடைய புத்தகத்தைப் படித்துத்தான் தென்னாப்பிரிக்காவில் காந்தி தன் மலச்சிக்கலுக்கு வயிற்றில் மண் வைத்துக் கட்டினார். குணம் தெரிந்ததாக 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். காந்தியின் வயிற்றுக்கே ஒத்துக்கொண்ட மண் என்பது முதலாண்டு மாணவர்களுக்கு லேசான போதை தரும் செய்தி.

சிகாகோவில் இருந்த ஹென்றி லிண்ட்லார் 1913-ல் எழுதிய நூல் வழியே எங்களுக்குள் ஊறிப்போன இன்னொரு சொல் உண்டு: ஹீலிங் க்ரைசிஸ். சிகிச்சையின் நடுவே நோயாளிக்கு வாந்தியோ, பேதியோ, தலைவலியோ கூடினால் பதற வேண்டாம், தேங்கிய கழிவு வெளியேறுகிறது, குணமாவதற்கு முந்தைய கொந்தளிப்பு அது என்பது பொருள்.

அந்தச் சொல்லின் வசதி அன்று எனக்குப் புரியவில்லை. நோயாளிக்கு நன்றாக இருந்தால் என் சிகிச்சை வேலை செய்கிறது. மோசமானாலும் என் சிகிச்சை வேலை செய்கிறது. தோற்கவே முடியாத ஆட்டம் அது.

அண்ணாச்சி போன மூன்றாவது மாதம் அந்த டீச்சர் வந்தார். முப்பத்துநான்கு வயது, ஊராட்சித் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவருக்கும் ஐபிஎஸ்தான், ஆனால் வேறு வகை. நான்கு நாள் போகாது, ஐந்தாம் நாள் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல் உப்புசம். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு சாயங்காலத்துக்குள் ஊதிப் பெருத்து, சேலைக் கொசுவம் நிற்காது என்றார். முதல் நாள் வரலாறு எடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "கல்யாண வீட்டுக்கே போறதில்லை டாக்டர். போனா யாராவது ஒருத்தர் வயித்தைப் பாத்துட்டு, விசேஷமான்னு கேட்டுடுறாங்க." அவருக்குத் திருமணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை.

நான் அதை எழுதவில்லை. கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

டீச்சருக்கும் அதே பட்டியலைக் கொடுத்தேன். அதே தேன் நீர், ஆப்பிள், கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், தவிடு, கோதுமைக் கஞ்சி. காகிதத்தின் மேலே பெயரை மட்டும் மாற்றினேன். ஆனால் அரைமணி நேரம் முக்காலியில் உட்காரவில்லை. கைதட்டு வாங்கிய பிறகு எனக்கு எட்டு நோயாளிகள். நேரம் பார்க்கும் வேலையை ஜூனியர் மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே உப்புசம் கூடிவிட்டது என்றார். "கழிவு வெளியேறுது டீச்சர், பொறுத்துக்குங்க" என்றேன். ஐந்தாம் நாள் இரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் சொன்னார். "இதுக்குப் பேரு ஹீலிங் க்ரைசிஸ். நல்ல அறிகுறிதான்" என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். பாடம் புரியாத பிள்ளை, டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று தலையாட்டுமே, அப்படி. ஆனால் அன்று அவர் மாணவி, நான் டீச்சர்.

எட்டாம் நாள் காலை வார்டைக் கூட்ட வந்த அம்மா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், "எத்தனை மாசம் தாயீ?" என்று கேட்டிருக்கிறார். பத்து மணிக்கு நான் ரவுண்ட்ஸ் போனபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டில் முந்தைய நாள் கொடுத்த கடலை ஒன்றுகூட மிச்சமில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை. சொல்லாமல் வெளியேறினார்.'

*

பட்டம் வாங்கி, இரண்டு ஆண்டு ஒரு சிறிய மையத்தில் வேலை பார்த்துவிட்டு, மேற்படிப்புக்குப் போனேன். ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: ஐபிஎஸ் நோயாளிகளுக்கு மண்பட்டி. அண்ணாச்சியின் வாழைத்தார் இன்னும் என் கையில் கனத்துக்கொண்டிருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரி. ஒப்பிட ஒரு குழு வேணுமே, அவங்களுக்கு என்னம்மா வைப்பே?" என்றார்.

"மண்ணில்லாத பட்டி சார்."

"வயித்துல மண் இருக்கா இல்லையான்னு படுத்திருக்கவனுக்குத் தெரியாதா?"

மாத்திரை என்றால் மருந்தில்லாத மாத்திரையைச் செய்துவிடலாம். மண்ணைப்போலவே குளிர்ந்து, மண்ணைப்போலவே கனத்து, மண் வாசனையும் அடித்து, ஆனால் மண்ணாக இல்லாத ஒன்றை எங்கே தேடுவது? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தோற்றேன். தோல்வியை ஒப்புக்கொள்ளப் போனபோது சார் ஒரு கட்டுரையை நீட்டினார். "இதைப் படி. அப்புறம் தலைப்பை யோசி."

ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் குழுவினர் 2008-ல் வெளியிட்டது. ஐபிஎஸ் நோயாளிகள் 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழு வெறுமனே காத்திருந்தது. இரண்டாம் குழுவுக்குப் பொய்யான அக்குபஞ்சர். ஊசி தோலுக்குள் போவதில்லை, போடுகிறவர் அதிகம் பேசுவதும் இல்லை. மூன்றாம் குழுவுக்கும் அதே பொய் ஊசிதான். ஆனால் போடுகிறவர் முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நோயைப் பற்றியும் அது வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் கேட்டார். மூன்று வாரம் கழித்து, போதுமான நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் காத்திருந்த குழுவில் 28 சதவீதம், பேசாத ஊசியில் 44, பேசிய ஊசியில் 62.

படித்து முடித்ததும் எனக்கு நினைவு வந்தது மண் அல்ல, முக்காலி.

அதே குழு 2010-ல் இன்னும் ஒரு படி போனது. 80 நோயாளிகளில் ஒரு பாதிக்கு, "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம். மாத்திரை இல்லாத பாதியில் 35. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஐபிஎஸ் என்பது மனப்பிரமை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. 1973-லேயே ரிட்சி என்ற ஆய்வாளர் குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். அதே அளவு காற்றுக்கு, மற்றவர்களில் மிகச் சிலரே வலிக்கிறது என்றார்கள்; இந்நோயாளிகளில் பாதிக்கு மேல் வலித்தது. குடலுக்கென்று தனி நரம்புப் பின்னல் இருக்கிறது, கோடிக்கணக்கான நரம்பணுக்களோடு. அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஐபிஎஸ்ஸில் அந்தப் பேச்சின் ஒலி கூடிவிடுகிறது. வலி உண்மை. பயம் அதை உரக்கச் சொல்ல வைக்கிறது, அவ்வளவுதான். தகப்பனைப் புற்றுநோயில் பறிகொடுத்தவரின் வயிறு எவ்வளவு உரக்கப் பேசியிருக்கும்!

தலைப்பு மாறிப்போனது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. அடுத்து என் கையில் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து.

மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-ல் ஃபாட்மேப் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். உணவில் இருக்கும், சிறுகுடல் முழுதாக உறிஞ்ச முடியாத சில வகைச் சர்க்கரைகளின் பொதுப்பெயர் அது. அவை போகிற வழியில் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். இது எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். ஒலி கூடிய வயிற்றில் மட்டும் அது கூச்சலாகிறது. 2014-ல் அதே பல்கலைக்கழகத்தினர் முப்பது நோயாளிகளுக்கு இந்தச் சர்க்கரைகள் குறைந்த உணவை 21 நாளும் வழக்கமான உணவை 21 நாளும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்த நாள்களில் தொல்லையும் நன்றாகக் குறைந்தது.

எந்தெந்த உணவில் இவை அதிகம் என்று பட்டியல் இருந்தது. படிக்கத் தொடங்கினேன். தேன். ஆப்பிள். கொண்டைக்கடலை. கோதுமை. எனக்குக் கை சில்லிட்டது. நான் கொடுத்த காகிதத்தை யாரோ மெல்பர்னுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து எழுதியதைப்போல இருந்தது. தவிடு மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. 2009-ல் நெதர்லாந்தில் 275 பேரிடம் இசப்கோல் உமியையும் தவிட்டையும் ஒப்பிட்டார்கள். இசப்கோல் உதவியது. தவிடு சாப்பிட்டவர்களில் பலர் தொல்லை கூடிவிட்டது என்று பாதியிலேயே விலகினார்கள்.

விலகினார்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்று அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏன் விலகினார்கள் என்று எழுதினார்கள்.

நான் டீச்சரின் வயிற்றுக்குள் ஒரு புளிச்சட்டியை வைத்துவிட்டு, அது பொங்கியபோது நல்ல அறிகுறி என்று சொல்லியிருக்கிறேன். கழிவு எதுவும் வெளியேறவில்லை. உள்ளே போனதுதான் பொங்கியது.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. நான் கொடுத்த பட்டியல் இத்தனை மோசம் என்றால், அதையே இருபத்தொரு நாள் தின்ற அண்ணாச்சிக்கு எப்படிக் குணமானது?

*

அதற்கு விடை, ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை நேரத்தில் கிடைத்தது. மதுரைக்குப் போக ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கேட்ட குரல் தெரிந்த குரல். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"டாக்டரம்மா! நீங்களா!"

கூட்டம் இறங்கியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வயிறு எப்படி என்று கேட்டேன். அவ்வப்போது வரும், போகும், முன்னைப்போல பயமில்லை என்றார். பிள்ளை ஐபிஎஸ் ஆகவில்லையாம், பாலிடெக்னிக் முடித்துத் திருப்பூரில் வேலை. பேச்சு ஓடியது. "உணவுப் பட்டியலை இன்னும் கடைப்பிடிக்கிறீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வயசாயிட்டு, இனிமே உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்தக் கடலைய நான் ஒருநாள்கூடத் தின்னதில்ல டாக்டரம்மா. வார்டுக்குப் பின்னாடி வேப்பமரம் இருந்துதுல்லா, அங்க அணிலுக்குப் போட்டுருவேன். ஆப்பிளப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் குடுத்துருவேன். வாசல்ல ஒரு ஆச்சி இட்லி விப்பா. நாலு இட்லி, சீனி தொட்டுக்கிட்டு."

"சீனியா?"

"சாம்பார்ல வெங்காயம் கெடக்கும்லா? வெங்காயம் உள்ள போச்சுன்னா அன்னைக்கு டியூட்டி போச்சு. கடலை, பட்டாணி, பாலு, ஒண்ணும் ஆகாது. அது எனக்குப் பதினஞ்சு வருசமாத் தெரியும்."

வெங்காயம் ஃபாட்மேப் பட்டியலின் தலைமைக் குற்றவாளி. பாலும் பருப்பு வகைகளும் அடுத்தடுத்து. மெல்பர்னில் கண்டுபிடித்ததை இந்த மனிதர் தென்காசி - மதுரை சாலையில், விசிலைக் கடித்துக்கொண்டு, தன் செலவில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ஏன் அண்ணாச்சி அப்பவே சொல்லலை?"

"நீங்க கேக்கலயே" என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "அது போவ, நீங்க அவ்வளவு பிரியமா பக்கத்துல உக்காந்து பேசுதீங்க. திங்கலன்னு சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். எங்கப்பாவுக்கு வந்தது எனக்கு இல்லன்னு நீங்க அந்தக் காயிதத்தப் படிச்சுச் சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்குனேன்."

கிருஷ்ணன்கோவிலில் ஆட்கள் ஏறினார்கள். அவர் எழுந்துபோய் டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார். மதுரை வரும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதனால் அவர் குணமானார்? அறிக்கையை யாரோ உட்கார்ந்து வாசித்துக் காட்டியதாலா? வேலைக்குப் போகாமல், கழிவறை பத்தடி தூரத்தில் இருந்த இருபத்தொரு நாள் விடுப்பாலா? சீனி தொட்ட இட்லியாலா? தினம் காலையில் குளிர்ந்த மண்ணை வயிற்றில் வைத்து அரைமணி அசையாமல் கிடந்ததாலா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தும் இருக்கலாம். நான் எதற்காகக் கைதட்டு வாங்கினேனோ, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை. அதை அணில்கள் தின்றுவிட்டன.

ஆக, ஒரு நாளும் பட்டியலைத் தொடாதவரைப் பற்றி 'முழு ஒத்துழைப்பு' என்று எழுதியிருக்கிறேன். தட்டில் ஒரு கடலை மிச்சம் வைக்காதவரைப் பற்றி 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். வைத்தியம் பலித்தவர் நல்ல நோயாளி, பலிக்காதவர் கெட்ட நோயாளி. என் அளவுகோல் அவ்வளவுதான்.

*

டீச்சரின் எண் என் பழைய குறிப்பேட்டில் இருந்தது. அழைக்க மூன்று வாரம் ஆனது. யார் என்று சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அன்று நான் கொடுத்த உணவு உங்களுக்கு ஆகாதது, உப்புசம் கூடியது அதனால்தான், அதை நான் புரிந்துகொள்ளாமல் வேறு பெயர் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் பாதிதான் வாயில் வந்தது.

"நான் எனக்குத்தான் மனஉறுதி இல்லைன்னு நெனைச்சுக்கிட்டேன் டாக்டர்" என்றார். "இயற்கை மருத்துவமே ஒத்துக்காத உடம்பு, இது எதுக்குத்தான் ஒத்துக்கும்னு அம்மா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன்." பிறகு மெதுவாக, "நீங்க சொன்னது எல்லாத்தையும் செஞ்சேனே" என்றார்.

இப்போது ஒரு குடல்நோய் மருத்துவரிடம் பார்க்கிறாராம். பாலையும் கோதுமையையும் குறைத்திருக்கிறார். பரவாயில்லையாம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றும் நான் இயற்கை மருத்துவர்தான். மண்பட்டி இன்றும் வைக்கிறேன். இதமாக இருக்கும், அரைமணி நேரம் படுக்க ஒரு சாக்கு கிடைக்கும் என்று சொல்கிறேன், அதற்கு மேல் சொல்வதில்லை. யோகா சொல்லித் தருகிறேன். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 59 நோயாளிகளிடம் யோகாவையும் ஃபாட்மேப் குறைந்த உணவையும் பன்னிரண்டு வாரம் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாப்பாட்டில் கைவைக்கப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. உணவைக் குறைத்தால் நான்கு முதல் ஆறு வாரம்தான். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்து, யாருக்கு எது ஆகாதோ அதை மட்டும் விட வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பட்டினி போடுவது வைத்தியம் அல்ல. தவிட்டை விட்டுவிட்டேன், நார் வேண்டியவர்களுக்கு இசப்கோல், சிறிய அளவில் தொடங்கி.

வருகிறவர்களிடம் முதலில் சில கேள்விகள் கேட்கிறேன். மலத்தில் ரத்தம் போகிறதா? எடை தானாகக் குறைகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியா? காய்ச்சல், ரத்தசோகை உண்டா? ஐம்பது வயதுக்கு மேல்தான் புதிதாகத் தொடங்கியதா? குடும்பத்தில் குடல் புற்றுநோய் உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மண்ணை எடுப்பதில்லை, குடல்நோய் மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஐபிஎஸ் என்ற பெயர் அந்தக் கேள்விகளைத் தாண்டி வந்தவர்களுக்கு உரியது. அலோபதி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் அதை நிறுத்தச் சொல்வதும் இல்லை.

அதன் பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். "எது ஆகாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே, சொல்லுங்க" என்பேன். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம். நான் அச்சடித்துக்கொண்ட கேஸ் ஷீட்டில் பாதிப் பக்கம் கோடு போடாமல் வெறுமையாக இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காததை எழுத. ஹீலிங் க்ரைசிஸ் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. மோசமாகிவிட்டது என்று நோயாளி சொன்னால் அதற்கு மோசமாகிவிட்டது என்றுதான் பொருள்.

பயிற்சிக் காலத்துப் பதிவேடுகள் அந்த மருத்துவமனையில் எங்கோ ஒரு அலமாரியில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். மருத்துவப் பதிவில் ஒருமுறை எழுதியதைப் பின்னாளில் அடித்துத் திருத்தக் கூடாது, அது விதி. ஆகவே டீச்சரின் கேஸ் ஷீட்டில், கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் இருக்க வேண்டிய வரியை இங்கே எழுதி வைக்கிறேன்:

நோயாளி முழுமையாக ஒத்துழைத்தார்.